42ஆம் நாள் என்ன பண்ணப் போறே, மாப்ளே?

வா மாப்ளே, திண்ணையில உட்காரு. கழுத்துல துளசி மாலை, கறுப்பு வேட்டி, நெத்தி நிறைய சந்தனம். போன மாசம் வரைக்கும் உன்னைக் கண்டா தெரு நாய் குலைக்கும், இப்ப ஊரே ‘சாமி’ன்னு கும்பிடுது.

ஆனா மாலை போட்டுக் குடியை விடறதுல ரொம்ப நஷ்டம்டா. ராத்திரி ரெண்டு மணிக்கு நாக்கு வறண்டு முழிச்சு, சொம்பைத் தேடி எல்லார் காலையும் மிதிப்பியே, அந்தச் சொகம் போச்சு. விடியற வரைக்கும் தூங்கித் தொலையணும். கம்பெனிக்கு லீவு போட வயித்து வலியும் கிடையாது.

நம்ம ஊரு பாடலாத்ரி நரசிம்மரு மலையைக் குடைஞ்ச கருவறையில உட்கார்ந்திருக்காரு. அவரை வலம் வரணும்னா மலையையே சுத்தணும். ஐப்பசிப் பௌர்ணமிக்குப் பாதி வழியில உட்கார்ந்துக்கிட்டு, “மாமா, மலை சுத்துது”ன்னியே, ஞாபகம் இருக்கா? கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஒரு வாய் தண்ணிகூடக் கேட்காம சுத்தி வந்து, இன்னொரு தொன்னை பொங்கல் கேட்டே. மலை இருந்த இடத்துலதான் இருக்கு மாப்ளே.

லண்டன் டாக்டருங்க ஒரு மாசம் குடியை நிறுத்தினவங்களைச் சோதிச்சு 2018ல எழுதினாங்க: எடை குறைஞ்சுது, ரத்த அழுத்தம் இறங்கிச்சு, இன்சுலின் ஒழுங்கா வேலை செஞ்சுது. ஈரல் கொழுப்பும் சில வாரத்துலயே குறைய ஆரம்பிக்கும். பாவம், வெள்ளைக்காரனுக்கு ஏது இருமுடி? ஜனவரியிலே ஒரு விரதம் வெச்சுக்கிட்டு அவனும் நம்மள மாதிரியே நாள் எண்ணிக்கிட்டிருக்கான்.

எனக்குக் கவலை இந்த 41 நாள் விரதத்தைப் பத்தி இல்ல. 2020 ஊரடங்குல டாஸ்மாக்கை மூடினதும் தமிழ்நாடே ஒன்றரை மாசம் மாலை போட்ட மாதிரிதான் இருந்துச்சு. மே 7ஆம் தேதி திறந்தாங்க. மெட்ராஸ்ல திறக்காமலே, அந்த ஒரே நாள்ல 170 கோடிக்கு மேல வித்துச்சு! மறுநாளே ஹைகோர்ட்டு மூடச் சொல்ல, சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடி, 16ஆம் தேதி மறுபடியும் திறந்துச்சு. கடைக்கு வாதாட வக்கீல் இருக்காரு. உன் ஈரலுக்கு யாருடா இருக்கா?

நீயும் சபரிமலை இறங்கி, மாலையைக் கழட்டின கையோட பாக்கியை வட்டியும் முதலுமா வசூல் பண்ணிடாதே. உடம்பு பழைய அளவை மறந்திருக்கும், பழைய குவார்ட்டரே உன்னைக் குப்புறத் தள்ளிடும். 42ஆம் நாளும் ‘சாமி’ன்னு கூப்பிட்டா உனக்கென்ன கசக்குதா?

ஒண்ணு மட்டும் விளையாட்டில்ல. உன் பெரியப்பனுக்குக் காலையில ஊத்தினாத்தான் கை நடுக்கம் நிக்குது. அந்த மனுசனுக்கு மாலையை மாட்டி ஒரே நாள்ல நிறுத்திடாதே. ரெண்டு மூணு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், சுவத்துல இல்லாத பூச்சி ஊருதும்பாரு, உசுருக்கே ஆபத்து. டாக்டரு மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும். நாளைக்கே மின்சார ரயில்ல ஏத்திக் கூட்டிட்டுப் போ. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி, நம்ம ஊர்லேர்ந்து ரெண்டாவது ஸ்டேஷன்ல இறங்கணும்.