டிஸ்க் மட்டும் மாத்துற அண்ணாச்சி

கோவில்பட்டியில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சிகளில் ஒரு ரகம் உண்டு. கம்ப்யூட்டரில் எது போனாலும் அதை மட்டும் மாற்றுவார்கள்; கம்ப்யூட்டரை மாற்ற மாட்டார்கள். மாட்டுவண்டிக்கு அச்சு போனால் அச்சு, பட்டா தேய்ந்தால் பட்டா, நுகத்தடி ஒடிந்தால் நுகத்தடி. வண்டி என்னவோ தாத்தா வாங்கினதுதான்.

எனக்கு வாய்த்த அண்ணாச்சியிடம் இருப்பது பென்டியம் 4. போர்டு இன்டெல் 865, 2003 வாக்கில் வந்த சரக்கு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனம் கேபினெட் நெற்றியில் அடையாய் ஏறியிருக்கிறது. "புதுசு ஒண்ணு வாங்கிருங்களேன்" என்றால் வாயால் பதில் வராது. கேபினெட்டைத் திருப்பி முதுகைக் காட்டுவார். பிரிண்டர் போர்ட்டில் கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு டாங்கிள். அது செருகியிருந்தால்தான் அவருடைய தமிழ் ஃபான்ட் திறக்கும். புது மெஷினில் அந்தப் போர்ட்டே கிடையாது. யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட் வேறு. அது இல்லாத சிஸ்டத்தில் ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கைகோத்து நிற்கும். பேஜ்மேக்கர் 7, 2001இல் வந்த கடைசிப் பதிப்பு. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானபோது லேபிளில் 1ஐ அழித்து 2 போட்டது இந்தப் பெட்டியில்தான். அண்ணாச்சி பக்கமும் நியாயம் இருந்து தொலைக்கிறதே என்பதுதான் என் சங்கடம்.

போன சித்திரையில் அவருடைய 80 ஜிபி டிஸ்க் 'டக், டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. பல்லி சொல்வதாக நினைத்து ரெண்டு நாள் பலன் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள்தான் எனக்கு போன். நல்லவேளை, அது மூச்சை விடுவதற்குள் ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டேன். பழைய டிஸ்கைத் தூக்கிப் போடவில்லை. மஞ்சப்பையில் சுற்றி, அப்பா காலத்துப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

புது டிஸ்க் மாட்ட வெள்ளிக்கிழமை போனேன். பன்னிரண்டு வரை ராகு காலம். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிடவில்லை. அப்புறம் மூடியைக் கழற்றினால், ஒரு மழை பெய்தால் உளுந்து விதைத்துவிடலாம், அத்தனை கரிசல் புழுதி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, சைக்கிள் பம்ப்பால் ஊதினோம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பின் இல்லை; கன்வர்ட்டர் போட்டேன். டிஸ்கைப் பிடிக்க நாலு ஸ்க்ரூ வேண்டும், ரெண்டுதான் அகப்பட்டது. டிஸ்க் ஆடியது. அண்ணாச்சி வேஸ்ட்டாகக் கிடந்த தீப்பெட்டி அட்டையை எடுத்து, நாலாய் மடித்து, இடுக்கில் செருகி, சுண்டிப் பார்த்தார். அசையவில்லை.

எக்ஸ்பி சிடி அவரிடமே இருந்தது, சர்வீஸ் பேக் எதுவும் சேராத ஆதிகாலச் சிடி. ஓடவிட்டால் டிஸ்கின் அளவு 131070 எம்பி என்றது.

"தம்பி, ஒரு டிபின்னு பில் போட்டிருக்கான். எட்டுல ஒரு பங்குதானய்யா இருக்கு?"

அந்தச் சிடிக்கு 28 பிட் வரைதான் முகவரி எழுதத் தெரியும், 137 ஜிபிக்கு மேலே உள்ள ஊர் அதன் கண்ணுக்குத் தெரியாது என்றேன். தபால்காரர் புதுசு போல என்றார். சர்வீஸ் பேக் 3 சேர்ந்த சிடியைப் போட்டேன். ஒன்பது லட்சத்துச் சொச்சம் எம்பி வந்தது. 1024ஆல் வகுக்கச் சொன்னேன். தீப்பெட்டிக் கணக்குப் போடும் பெரிய பட்டன் கால்குலேட்டரில் தட்டினார். 931.

"அறுபத்தொன்பது குறையுது."

கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஒரு லட்சம் கோடி பைட்டு கொடுத்திருக்கிறான், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது, பொருள் ஒன்றுதான் என்று நான் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கையமர்த்தினார்.

"கொடுக்கையில சின்ன மரக்கா, வாங்கையில பெரிய மரக்கா. அதானே? எங்க தாத்தாவுக்குக் கம்பு கடன் கொடுத்தவனும் இப்படித்தான் அளந்தான்."

கல்லூரியில் மூன்று வருஷம் படித்ததை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்தது பாகப்பிரிவினை. சி சிஸ்டத்துக்கு. டி தீப்பெட்டி லேபிளுக்கு. கல்யாணப் பத்திரிகையையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒரே டிரைவில் போடலாமே என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "ஒரே வாசல்லயா?" என்று அவர் பார்த்த பார்வையில் தனித்தனியாக இரண்டு டிரைவ் பிரித்தேன். நீத்தாருக்குக் கடைசி எழுத்து.

"குயிக் ஃபார்மட் போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும் அண்ணாச்சி."

"அவசரத்துல செஞ்சது நிக்காது. முழுசாப் போடு."

முழுசாகப் போட்டால் ஒவ்வொரு செக்டராகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகரும், மணிக்கணக்கில் ஆகும். மேகம் திரளுதா என்று வானத்தைப் பார்க்கும் சம்சாரி மாதிரி ஸ்டூலைப் போட்டு, சதவீதத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு, பதிமூன்று, பதிமூன்று, இன்னும் பதிமூன்று. நடுவே ஒரு கடலை மிட்டாய் பாக்கெட் பிரிந்தது. நடுவே கரண்ட் போனது; யுபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. முதலிலிருந்து ஆரம்பித்தோம். அண்ணாச்சிக்கு வருத்தமே இல்லை. மழை தப்பினால் மறு விதைப்பு. கரிசக்காட்டில் இது என்ன புதுசா?

டாங்கிளைச் செருகி, ஃபான்ட் ஏற்றி, பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து மணமகன் பெயரைத் தமிழில் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. இருட்டிவிட்டது. ஆயிரம் ரூபாய் ஆகும் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன்.

கல்லாவைத் திறந்தார். ஒரு ஐநூறு, நாலு நூறு, மூணு பத்து. கடைசியில் மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து, வெற்றிலை கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணாச்சி, இது..."

"ஆயிரந்தான் தம்பி. அந்தப் பெட்டி அளந்தது, நான் அளக்கல."