அரிப்புக் கரையில் பனி ரயர்: ஓர் உரைவிளக்க ஆய்வு

மன்னார் மாவட்டத்து முசலிப் பிரதேசத்தில், அருவியாறு கடலில் விழும் இடத்தை அடுத்துள்ளது அரிப்பு. இவ்வூரில் ஒருநாளும் பனி பொழிந்ததில்லை. மார்கழி, தை விடியற்காலையிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே பனி ரயர் பற்றி ஆராய இதைவிடத் தகுந்த ஊர் உலகில் இல்லை என்பது இக்கட்டுரையின் முதற்கோள். ஒஸ்லோவிலோ மொன்றியலிலோ இருப்பவர் இப்பொருளைத் தொட்டால் எழுத்தில் அச்சம் கலந்துவிடும். மறுநாள் காலை அதே ரயரில் வேலைக்குப் போகவேண்டியவர் எப்படி நடுநிலையாளர் ஆவார்? இக்கட்டுரையாளருக்கு அந்தக் குறை கிடையாது.

அற்றேல், பனியே இல்லாத ஊருக்குப் பனி ரயர் வந்த வழி யாது எனின், கூறுதும். இலங்கையில் ஓடும் பிரியஸ், அக்குவா, வெசல், வகன் ஆர் முதலிய ஹைபிரிட் கார்களில் பல, ஜப்பானில் ஓடிக் களைத்தபின் ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரோடு கப்பலேறி வந்தவை. ஹொக்கைடோ முதலான ஜப்பானின் வடபகுதிகளில் குளிர்காலம் வந்தால் பனி ரயருக்கு மாறுவது வழக்கம். ஆகவே மாசி மாதத்தில் விற்ற கார் மாசி மாதத்து ரயரோடுதான் வந்து இறங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டும் இருந்த கார்களே கைமாறின, அவற்றோடு இருந்த ரயர்களும் கைமாறின.

“அண்ணே, இது ஜப்பான் ரயர். விரலால அமத்திப் பாருங்க, எவ்வளவு மெத்தெண்டு இருக்கு!” என்பார் பழைய ரயர் விற்பவர். அமத்திப் பார்த்தால் நகம் பதியும். வாங்குபவர் உருகிவிடுவார். ரயர் அதற்கு முன்னரே உருகத் தொடங்கியிருக்கும்.

இனி மூலபாடத்துக்கு வருவோம். ரயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பவற்றை நம்மவர் எவரும் இதுவரை உரையோடு பதிப்பிக்கவில்லை. மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் ஒன்றில் கண்ட பாடம் வருமாறு: 195/65 ஆர் 15. இச்சூத்திரம் என்னுதலிற்றோவெனின், ரயரின் அளவு உணர்த்துதல் நுதலிற்று. இதன் பொழிப்பு: அகலம் 195 மில்லிமீற்றர், அவ்வகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், ஆர் என்பது ரேடியல், 15 அங்குலம் றிம்மின் விட்டம். பனியைப் பற்றி இச்சூத்திரம் ஒன்றும் கூறாது என்க.

அடுத்து, நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் பிறந்த ரயர். “புதுச் சாமான் அண்ணே” என்ற செவிவழிச் செய்தியும் இந்தப் பொறிப்பும் முரண்பட்டால் பொறிப்பையே கொள்க. கல்வெட்டாய்வு மரபும் அதுவே.

பின்னர் வருவது எம் பிளஸ் எஸ் என்னும் குறி. சேறும் பனியும் என்பது அதன் விரிவு. இதற்கென்று தனிச் சோதனை எதுவும் கிடையாது. மேற்பரப்பின் வெட்டு ஓரளவு திறந்திருந்தால் தயாரிப்பாளரே இட்டுக்கொள்ளலாம், தன் பெயருக்கு முன்னால் தானே ‘கலாநிதி’ போட்டுக்கொள்வதுபோல. சோதித்துக் கொடுப்பது வேறு குறி: மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999இல் வட அமெரிக்காவில் பிறந்த இக்குறியைப் பெற, இறுகிய பனியில் ஒப்பீட்டு ரயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடிய பிடி காட்டவேண்டும். உறைந்த கண்ணாடிப் பனிக்கட்டியில் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அச்சோதனை கேட்பதில்லை. மலைக்குறியைப் பார்த்ததும் கண்ணை மூடி வாங்குவோர் இதைக் கவனிக்க.

ஜப்பானிலிருந்து வரும் ரயர்களில் ‘ஸ்ரட்லெஸ்’ என்ற சொல்லும் இருக்கும். ஆணி இல்லாதது என்று பொருள். இதற்கொரு வரலாறு உண்டு. முன்பு ஜப்பானியர் ரயரில் ஆணி பதித்துப் பனியில் ஓட்டினர். பனி கரைந்த இடங்களில் அந்த ஆணிகள் தார்வீதியைச் சுரண்டி, ஊர் முழுக்கத் தூசி கிளப்பின. மக்கள் இருமினர், முறையிட்டனர். 1990இல் சட்டம் வந்து ஆணிக்கு முடிவுகட்டியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1988இல், பிரிட்ஜ்ஸ்ரோன் நிறுவனம் பிளிசாக் என்ற ஆணியில்லா ரயரை விட்டிருந்தது. அதன் ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். பனிக்கட்டி வழுக்குவதற்குக் காரணம் அதன் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலம். அந்த நீரைத் துளைகள் உறிஞ்சிக்கொள்ள, ரப்பர் கட்டியைப் பற்றிக்கொள்ளும். பின்லாந்துக்காரர் 1934இலேயே பனிக்கென்று தனி ரயர் செய்தவர்கள். ஆனாலும் இந்த உறிஞ்சும் உத்தி ஜப்பானியருடைய பெருமை. அரிப்பின் தார்வீதியில் வைகாசி மாத நண்பகலில் அந்த நுண்துளைகள் எதை உறிஞ்சுகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது.

மெத்தென்ற ரப்பருக்குக் காரணம் உண்டு. சாதாரணக் கோடை ரயரின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்கும், பிடி குறையும். அந்தக் குளிரிலும் இளகியிருக்கும்படி கலவை செய்து, மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இட்டதே பனி ரயர். 30 பாகையில் இருக்கும் ஊரில் அதே கலவை அளவுக்கு மீறி இளகும். கீறிய கட்டைகள் ஒவ்வொரு சுற்றிலும் நெளியும். நெளிந்தால் சூடேறும், அந்தச் சூட்டுக்கு உரிய சக்தி பெற்றோலில் இருந்துதான் வருகிறது. பிறேக் பிடித்தால் கார் சற்றுத் தள்ளியே நிற்கும். மன்னார் நகரத்து வீதியில் நடுவே நின்று யோசிக்கும் கழுதைகள் இந்தக் கூடுதல் தூரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இங்கேதான் ஹைபிரிட் உரிமையாளரின் தத்துவச் சிக்கல் தொடங்குகிறது. அவர் அந்தக் காரை வாங்கியதே பெற்றோலை மிச்சம் பிடிக்க. உருளும்போது ரயர் காட்டும் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சம் என்று 2006இல் வந்த அமெரிக்க ஆய்வறிக்கை ஒன்று சொல்கிறது. இதை அரிப்புக்குப் பெயர்ப்போம். 2022இல் எரிபொருள் பங்கீட்டில் கியூ.ஆர். அட்டையைக் காட்டிப் பெற்றோல் வாங்கிய காலத்தில் காருக்குக் கிடைத்தது வாரம் 20 லீற்றர். அதில் 2 சதவீதம் 400 மில்லிலீற்றர், ஒரு சோடாப் போத்தலுக்குச் சற்று மேல். அந்த ஆண்டு ஆனியில் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. ஆக, அந்த விலைக்கு வாரத்துக்கு 188 ரூபாய். பனி ரயரைப் போட்டு ஓடியவர் இதை எதிர்த்திசையில் செலுத்திக்கொண்டிருந்தார், கூடவே வரிசையிலும் நின்றார்.

ஜப்பானில் 2010 முதல் கோடை ரயர்களுக்கு உருளும் தடையையும் ஈரப்பிடியையும் தரம்பிரித்து ஒட்டும் முறை உண்டு. ஐரோப்பாவில் 2012 முதல் ஒட்டுகிறார்கள், 2021இல் பனிக்கும் பனிக்கட்டிக்கும் தனிப் படங்கள் சேர்ந்தன. இந்தச் சிட்டையை ரயரில் இருந்து கிழித்த பிறகே நம் கடைகளில் அடுக்குவது ஏன் என்று தெரியவில்லை. அழகு கெடுமாம்.

இனி எதிர்வாதியின் கூற்று. பனி வேறு, மணல் வேறா? இரண்டிலும் சில்லுப் புதையும். ஆகவே பனி ரயர் நம் கடற்கரை மணலுக்குப் பொருந்தும் என்பாரும் உளர். இக்கொள்கைக்கு முசலிப் பகுதியில் செல்வாக்கு அதிகம். அது பொருந்தாது. பனி ரயரின் வெட்டுக்குள் பனி இறுகும். பனி பனியோடு ஒட்டும், அந்த ஒட்டுதலே வண்டியை முன்னே இழுக்கிறது. காய்ந்த மணல் மணலோடு ஒட்டாது. வெட்டு ஆழமாக இருக்க இருக்கச் சில்லுத் தோண்டிக்கொண்டு கீழே போகும். மணலில் போக வேண்டியவர் காற்றைக் குறைத்து ரயரைத் தட்டையாக்கி மிதக்கவேண்டும், கடிக்கக்கூடாது. இந்த வாதத்தை நிறுவ ஒரு பிரியஸைக் கரையோரமாக இறக்கிப் பார்த்தோம். முதல் இரண்டு விநாடியில் முன்சில்லு பின்னால் வீசிய மணல், அக்கா ஒருவர் பாயில் காயப்போட்டிருந்த நெத்தலிக் கருவாட்டின்மேல் சீராகப் பரவியது. மூன்றாம் விநாடியில் சில்லுச் சுழல்வதை உணர்ந்த காரின் கணினி சக்தியைக் குறைத்துவிட, கார் அசையாமல் நின்றது. அக்கா சொன்னவை ஆய்வேட்டில் சேர்க்கத் தக்கவையல்ல. காரை வெளியே எடுத்தது நான்கு மீனவத் தம்பிமாரும் ஒரு வள்ளக் கயிறும்.

பொருந்தாத பண்டத்தை இறக்கி வைத்துப் பார்ப்பதில் இக்கரைக்கு முன்னனுபவம் இல்லாமலில்லை. முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 1801க்கும் 1804க்கும் இடையில் கிரேக்கத் தூண்கள் கொண்ட மாளிகை ஒன்றை இங்கே கட்டினார். ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்பர். கடல் கரையை விழுங்கிவர, எஞ்சியிருப்பது சில செங்கற்சுவர்கள். அந்த முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்றனர். உள்ளே முத்தா வெறுஞ்சதையா என்பது வாங்கியவன் தலைவிதி. 1906இல் ஒரு கம்பனி முத்துப் பார்களையெல்லாம் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போனது. பழைய ரயர் வாங்குவோர் அக்கம்பனியைவிட நற்பேறு பெற்றவர்கள். ரயரின் உள்ளடக்கம் வெளிச்சுவரிலேயே எழுதியிருக்கிறது, குனிந்து வாசித்தால் போதும்.

ஆய்வின் இப்பகுதி முடிந்த நிலையில் ரொறன்ரோவில் இருந்து உறவினர் ஒருவர் அழைத்தார். “மச்சான், ஹைபிரிட்டுக்கு என்ன ரயர் போடலாம்? பனியிலயும் ஓடவேணும், பெற்றோலும் குடிக்கக்கூடாது.” அரிப்பில் இருந்துகொண்டு கனடாவுக்கு விடை சொல்வதில் இக்கட்டுரையாளருக்குத் தயக்கம் எழவில்லை. அவருக்குச் சொன்னது: ‘ஓல் சீசன்’ என்ற பெயரை நம்பாதே, மலையும் பனித்துகளும் இருக்கிறதா என்று பார். கியூபெக் எல்லைக்குள் வசிப்பவனுக்கு மார்கழி முதலாந் திகதி முதல் பங்குனி 15 வரை அது சட்டம். ஒன்ராறியோவில் சட்டமில்லை, ஆனால் 2016 முதல் பனி ரயர் போட்டவனுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுத்தாகவேண்டும், கேட்டு வாங்கு. வீதியில் பனியைக் குவித்து ஒதுக்கிவிடும் நகரத்துக்குள்ளேயே ஓடுகிறவனுக்கு மலைக்குறி உள்ள ‘ஓல் வெதர்’ போதும், பெற்றோல் அவ்வளவாகக் கூடாது. வடக்கே போகிறவன் தனி றிம்மில் நான்கு பனி ரயர் வைத்துக்கொண்டு, சித்திரையில் கழற்றிவிட வேண்டும். இரண்டு மட்டும் போடுவது கூடாது, முன்சில்லுப் பிடிக்கப் பின்சில்லு வீசும்.

இன்னொன்றும் சொன்னேன். அரிப்பில் 30 பாகையில் 32 றாத்தல் காற்றடித்த ரயர், சொட்டும் கசியாமலேயே, சைபருக்குக் கீழே 10 பாகையில் ஏறத்தாழ 26 காட்டும். குறைந்த காற்று பெற்றோலைத் தின்னும். ஆகவே விலை கூடிய ரயரைத் தேடுமுன் மாதம் ஒருமுறை காற்றைப் பார். “அதைச் சொல்ல ஆராய்ச்சியாளன் தேவையா?” என்றார். தேவை. இலவசமான அறிவுரையை எவரும் கேட்பதில்லை.

முடிபு: அரிப்பு, சிலாவத்துறை, முருங்கன் எங்கும் ஓடும் ஹைபிரிட் காருக்கு ஸ்ரட்லெஸ் ரயர் ஆகாது. உருளும் தடை குறைந்த, ஈரப்பிடி நல்ல, ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட சாதாரணக் கோடை ரயரே போதும். காரில் பனி ரயர் இருந்தால் கழற்றிவிடுங்கள். கழற்றியதை வள்ளத்தில் இடிதாங்கியாகக் கட்டலாம், முற்றத்தில் பூக்கன்று வைக்கலாம். வேலியோரத்தில் மட்டும் எறியவேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் பழைய ரயருக்குள் நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள், டெங்கு நுளம்பு கோடை ரயர், பனி ரயர் என்று பார்ப்பதில்லை.