இரண்டு பேரைக் கண்டுபிடித்த செயலி

வெயிலில் போகிறவர் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்வது போலத்தான் இதுவும் என்றார் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசன். 2020 ஏப்ரல் 26 அன்று 'கோவிட்சேஃப்' செயலி வந்தது. மக்களும் சொல் தட்டவில்லை. 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டார்கள்.

வேலை என்னவோ எளிதுதான். கொரோனாத் தொற்றாளருக்கு ஒன்றரை மீட்டருக்குள் 15 நிமிடம் யார் யார் இருந்தார்கள் என்பதை புளூடூத் வழியாகக் குறித்துவைக்க வேண்டும். சிக்கல் ஐபோனில் வந்தது. திரை பூட்டியிருந்தால் செயலிக்கும் கண் சொக்கிவிடும். பூட்டிய இரண்டு ஐபோன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், கல்யாணப் பந்தியில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல, பெரும்பாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. அரசின் ஆரம்பகாலச் சோதனைகளிலேயே இந்தக் குடும்பப் பகை தெரிந்திருந்தது.

ஆன செலவு சுமார் 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்.

சுகாதாரப் பணியாளர்கள் போன் போட்டு, நேற்று எங்கே போனீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தும் சிக்காமல், செயலியின் கண்ணில் மட்டும் பட்ட தொற்றாளர்கள் எத்தனை பேர்? இரண்டு. தலைக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல்! நெருங்கிய தொடர்பில் இருந்த 17 பேர் கொசுறு.

2022 ஆகஸ்டில், ஆட்சி மாறிய பின், சுகாதார அமைச்சர் மார்க் பட்லர் கடையைக் கட்டினார். செயலியைப் போனிலிருந்து நீக்கிவிடுமாறு அறிவிப்பும் வந்தது. பூசச் சொன்ன சன்ஸ்கிரீனைக் கழுவிக்கொள்ள, குழாயை மட்டும் அவரவர் வீட்டிலேயே திறந்துகொள்ள வேண்டியிருந்தது.