கை கழுவியாச்சா, மகாராஜா?

போன மாதம் ஒரு பதிலில், போகிற போக்கில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தைப் பற்றி ஒரு வரி எழுதித் தொலைத்தேன். தபால் பை கனத்துவிட்டது. கல்லூரியில் அந்த நாடகத்தைப் பாடமாகப் படித்துவிட்டு, முப்பது வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் கேள்விகளை மடியில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இத்தனை பேரா! ஆகவே இந்த இதழில் சினிமா, கிரிக்கெட், மாமியார் கேள்விகளுக்கு விடுமுறை.

கேள்வி: மேக்பெத் கெட்டது பேராசையாலா, பெண்டாட்டி பேச்சாலா, சூனியக்காரிகளாலா? பத்து மார்க் கேள்வி சார்.
*– பி.ஏ. ஆங்கிலம் இரண்டாமாண்டு மாணவி, பாளையங்கோட்டை*

மூன்றையும் எழுதி அடிக்கோடு போட்டால் ஏழு மார்க் நிச்சயம். மீதி மூன்று வேண்டுமென்றால், எது எதற்கு முன்னால் நடக்கிறது என்று பாரம்மா.

சூனியக்காரிகள் 'நீ ராஜாவாவாய்' என்று மட்டும்தான் சொல்கிறார்கள். அரசர் டங்கனைக் கொல்லச் சொல்லவே இல்லை. அதைக் கேட்டதும் மேக்பெத் திடுக்கிடுகிறான். நல்ல சேதிக்கு இவன் ஏன் இப்படிப் பதறுகிறான் என்று பக்கத்தில் நிற்கும் சக தளபதி பாங்கோவுக்கே ஆச்சரியம். லாட்டரியில் பரிசு விழுந்ததாகச் சொன்னதும் ஒருவன் முகம் வெளுத்தால், அந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்போம்?

மனைவி வருவது அப்புறம். அவளுக்குக் கடிதம் எழுதித் தகவல் சொன்னதே இவன்தான். அதற்கும் பிறகு, விருந்து நடக்கும்போது தனியே எழுந்து வந்து நியாயமான கணக்கு ஒன்று போடுகிறான்: டங்கன் எனக்கு உறவு, எனக்கு ராஜா, இன்றைக்கு என் வீட்டு விருந்தாளி. வேண்டாம் என்பதற்கு மூன்று காரணம்; வேண்டும் என்பதற்கு ஆசையைத் தவிர ஒன்றுமில்லை. விடை சரியாகத்தான் வருகிறது. மனைவி வந்து, ஆண்பிள்ளைதானா நீ என்று கேட்டவுடன் அதை அழித்துவிடுகிறான். சூனியக்காரிகளை விடைத்தாளிலிருந்து எடுத்துவிட்டாலும் அவன் அங்கேதான் போய்ச் சேர்ந்திருப்பான் என்பது என் கட்சி. உன் பேராசிரியர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்னைக் காட்டிக்கொடுக்காதே.

கேள்வி: டங்கன் மகாராஜா அவ்வளவு ஏமாளியா?
*– வாசகர், உடுமலைப்பேட்டை*

காடார் சிற்றரசன் துரோகியாகி மரணதண்டனை பெற்றிருக்கிறான். முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க முடியவில்லையே என்று டங்கன் அங்கலாய்க்கிறார். சரியாக அந்த இடத்தில் மேக்பெத் உள்ளே நுழைகிறான். உருகி உருகி வரவேற்கிறார். துரோகியிடமிருந்து பறித்த காடார் பட்டம் ஏற்கெனவே இவனுக்குத்தான் போயிருக்கிறது. பாவம், மனுஷர் பட்டத்தை மாற்றிக் கொடுத்தார். பட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த குணமும் சேர்ந்து போய்விட்டது.

கேள்வி: மனசாட்சி உறுத்துகிறவன் திருந்திவிடுவான் என்பார்களே! மேக்பெத்துக்கு உறுத்தாத நாளே இல்லை. ஏன் திருந்தவில்லை?
*– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்*

வந்த கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி உங்களுடையதுதான். கொஞ்சம் நிதானமாகவே பேசுவோம்.

கொலை மேடையில் நடப்பதில்லை. அது முடிந்து வருகிறவனைத்தான் பார்க்கிறோம். கத்திகளைக் காவலாளிகளின் பக்கத்தில் போட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. மனுஷன் ரத்தம் சொட்டச் சொட்ட இரண்டையும் கையிலேயே கொண்டுவந்து நிற்கிறான், தேங்காய் வாங்கப் போய் வெறும் பையோடு திரும்பும் கணவன் மாதிரி. திரும்பப் போய் வைத்துவிட்டு வா என்றால் மாட்டேன் என்கிறான். அவள்தான் பிடுங்கிக்கொண்டு போகிறாள்.

அந்த நேரத்தில் அவனைக் குடைவது என்ன தெரியுமா? பக்கத்து அறையில் இரண்டு பேர் தூக்கத்தில் விழித்துக் கடவுளை வேண்டினார்கள். அதைக் கேட்டு 'ஆமென்' சொல்ல வாயெடுத்தான், தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஏன் சிக்கியது, ஏன் சிக்கியது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஒரு கிழவரைக் குத்திக் கொன்றுவிட்டு வந்தவனுக்கு, தன் வாயில் சாமி பேர் வரவில்லையே என்பதுதான் கவலை. இந்த வருத்தத்தில் டங்கன் எங்கே இருக்கிறார், சொல்லுங்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அவனுடைய குற்ற உணர்ச்சி செத்தவனைப் பற்றியதல்ல, தன் நிம்மதியைப் பற்றியது. நிம்மதி வேண்டுமென்றால் இரண்டு வழி: ஒப்புக்கொள்வது, அல்லது உறுத்துகிறதை அகற்றுவது. இவன் இரண்டாவதைப் பிடித்தான். டங்கனைக் கொன்றது நாற்காலிக்காக. காவலாளிகளைக் கொன்றது மறைப்பதற்காக. பாங்கோவைக் கொன்றது பயத்துக்காக. எதிரியாகிவிட்ட பிரபு மேக்டஃபின் மனைவி மக்களைக் கொன்றது எதற்காக? ஒரு லாபமும் இல்லை. மேக்டஃப் அதற்குள் இங்கிலாந்து போயாகிவிட்டது. மனசுக்குள் தேள் ஊர்வதாகச் சொல்கிறவன் ஒவ்வொரு தேளுக்கும் ஓர் ஆளைக் கண்டுபிடித்து அடிக்கிறான். உறுத்தல் குறைந்திருந்தால் ஒருவேளை கொலைகளும் குறைந்திருக்கும் என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. உங்கள் வங்கி பாஷையில் சொன்னால், பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதுக் கடன் வாங்கிக்கொண்டே போனான்.

கேள்வி: லேடி மேக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள்?
*– குசும்பன், காரைக்குடி*

குசும்பரே, உங்களுக்கு முன்னாலேயே எல்.சி. நைட்ஸ் என்ற விமர்சகர் 1933-ல் இதையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதிவிட்டார். நாடகப் பாத்திரங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களாகப் பாவித்து வம்பு பேசும் விமர்சனத்தைக் கிண்டல் செய்ய. குழந்தைக்குப் பால் கொடுத்தவள் என்று அவளே சொல்கிறாள். குழந்தை நாடகத்தில் எங்கும் இல்லை. சரித்திரத்தில் பதில் உண்டு. அந்த அம்மாள் பெயர் க்ரூஹ். முதல் கணவர் மூலம் லூலாஹ் என்று ஒரு மகன். ஷேக்ஸ்பியர் பிள்ளையை எடுத்தார், பெயரையும் எடுத்தார். நாடகம் முழுக்க அவளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது.

கேள்வி: நிஜ மேக்பெத்தும் இவ்வளவு மோசமா?
*– சரித்திர ஆசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்*

இல்லை ஐயா. 1040-ல் டங்கனைக் கொன்றது உண்மை, ஆனால் போர்க்களத்தில். விருந்து, படுக்கையறை எதுவும் கிடையாது. டங்கனும் நரைத்த கிழவரல்ல, வயதில் இளையவர்தான். தகப்பனுக்குப் பிறகு மகன் என்ற வழக்கமும் அப்போது ஸ்காட்லாந்தில் உறுதிப்படவில்லை. அரச குலத்தில் வலுத்தவன் கைக்குப் போகும். மேக்பெத் 17 வருஷம் ஆண்டார். 1050-ல் ரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தார். நாடு கொதித்துக்கொண்டிருந்தால் ராஜா இப்படி ஊர்சுற்றக் கிளம்புவாரா? 1057-ல் டங்கனின் மகன் மால்கம் தரப்பு அவரைக் கொன்றது. அடுத்து முடிசூடியவர் மேலே சொன்ன லூலாஹ். சில மாதங்களில் அவரும் காலி.

கேள்வி: அப்படியானால் ஷேக்ஸ்பியர் ஏன் இப்படி வில்லனாக்கினார்?
*– அவருடைய மாணவர் என்று கையெழுத்திட்டவர், தஞ்சாவூர்*

ஹோலின்ஷெட் வரலாற்று நூலே அவரைக் கறுப்பாக்கித்தான் வைத்திருந்தது. அத்தோடு நாடகம் எழுதப்பட்ட 1606 வாக்கில் இங்கிலாந்தின் அரசர் யார்? ஸ்காட்லாந்திலிருந்து 1603-ல் வந்து முடிசூடிய முதலாம் ஜேம்ஸ். பாங்கோ எங்கள் முப்பாட்டன் என்று நம்பிய வம்சம். சூனியக்காரிகளைப் பற்றிச் சொந்தமாகப் புத்தகமே எழுதியவர். ஹோலின்ஷெட்டில் கொலைக்கு உடந்தையாக இருந்த பாங்கோ, நாடகத்தில் யோக்கியனாகிவிட்டதன் ரகசியம் இதுதான். இதில் வேடிக்கை, பாங்கோ என்று ஒருவர் இருந்ததற்கே சரித்திரச் சான்று இல்லை. இல்லாத தாத்தாவுக்கு வெள்ளையடித்துப் பேரனைக் குளிர்வித்திருக்கிறார் நம் கவிஞர்.

ஆனால் முகஸ்துதியோடு அவர் நிற்கவில்லை. 1605 நவம்பரில்தான் ஜேம்ஸையும் பாராளுமன்றத்தையும் வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சதி நடந்து பிடிபட்டிருந்தது. ராஜாவைக் கொல்வதைப் பற்றி ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கொன்றவனின் மண்டைக்குள் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் காட்டினார். அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

கேள்வி: கொலை நடந்த கையோடு குடிகார வாயில்காப்போன் காமெடி எதற்கு?
*– நாடகக்குழு ஒன்றின் பொருளாளர், புதுச்சேரி*

பொருளாளருக்கு ஏற்ற பதில்: மேக்பெத்தாக நடிப்பவர் ரத்தத்தைக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வர நேரம் வேண்டாமா? அந்தக் காட்சியில் வரும் கதவு தட்டும் சத்தம் ஏன் அப்படி வயிற்றைக் கலக்குகிறது என்று தாமஸ் டி குவின்சி 1823-ல் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரர்களோடு நாமும் உலகத்தை விட்டு விலகிப் போயிருந்தோம், தட்டும் சத்தத்தில் சாதாரண வாழ்க்கை திரும்புகிறது, அப்போதுதான் நடந்தது உறைக்கிறது என்பார். சாவு வீட்டில் விடிகாலை பால்காரர் மணியடிப்பதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: தூக்கத்தில் நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லேடி மேக்பெத் காட்சி நம்பும்படி இருக்கிறதா?
*– இரவுப் பணி செவிலியர், மதுரை*

உங்களுக்குத்தான் அந்தக் காட்சி இன்னும் நன்றாகப் புரியும் சிஸ்டர். இரண்டு இரவு கண்விழித்தும் ஒன்றும் காணாத வைத்தியர் ஒருவர், பணிப்பெண் ஒருத்தி. ராணி என்னென்ன செய்கிறாள் என்று பணிப்பெண் வரிசையாகச் சொல்கிறாள்: எழுந்து அங்கியைப் போட்டுக்கொள்வாள், அலமாரியைத் திறந்து தாளை எடுத்து மடிப்பாள், எழுதுவாள், படித்துப் பார்த்து முத்திரையிடுவாள், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள். எல்லாம் ஆழ்ந்த தூக்கத்தில். அப்போது அவள் என்ன பேசுவாள் என்று கேட்டால் வாயைத் திறக்க மறுக்கிறாள். நான் கேட்டதற்குச் சாட்சி இல்லையே, சொன்னால் என் தலைக்குத்தானே வரும்? அரண்மனையில் எவ்வளவு பயம் ஊறியிருக்கிறது என்பதற்கு இது போதும்.

அப்புறம் ராணியே வருகிறாள், கையில் மெழுகுவத்தியோடு. இருட்டே வா என்று முன்பு கூப்பிட்டவளுக்கு இப்போது பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அது அவளுடைய உத்தரவு. கால்மணி நேரம்கூடக் கையைத் தேய்ப்பாளாம். கொலை நடந்த இரவில், கொஞ்சம் தண்ணீர் விட்டால் சரியாய்ப் போகும் என்று புருஷனுக்குத் தைரியம் சொன்னவள் இவள்தான். கவனித்துப் பார்த்தால் அன்றைக்கே ஒரு கீறல் தெரியும்: தூங்கும் டங்கன் என் அப்பா சாயலில் இல்லாதிருந்தால் நானே முடித்திருப்பேன் என்கிறாள். ஆக, செத்தவரின் முகத்தைப் பார்த்தது இவள் ஒருத்திதான். தூக்கத்திலும் அந்தக் கிழவரின் ரத்தமும் மேக்டஃபின் மனைவியுமே வருகிறார்கள்; 'ஆமென்' வரவில்லை.

இன்னொன்று. பாங்கோவின் ஆவி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் விருந்துக்குப் பிறகு, கணவனும் மனைவியும் ஒரே காட்சியில் வருவதே இல்லை. சேர்ந்து செய்தார்கள், அனுபவிக்கும்போது ஆளுக்கொரு மூலை. வைத்தியர் கடைசியில், இவளுக்கு மருந்து என்னிடம் இல்லை, பாதிரியார்தான் வேண்டும் என்று பையை மூடிவிடுகிறார். ஃபீஸ் வாங்கினாரா என்று தெரியவில்லை.

கேள்வி: தப்பு செய்தவர்கள் நிஜமாகவே கை கழுவுகிறார்களா?
*– பெயர் வேண்டாம், சேலம்*

பெயரை மறைத்தது நல்லது! 2006-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. தாங்கள் செய்த தப்பை நினைவுபடுத்திக்கொண்டவர்களிடம் பென்சில் வேண்டுமா, கிருமிநாசினித் துடைப்புத்தாள் வேண்டுமா என்று கேட்டால், துடைப்புத்தாளை எடுத்தவர்கள் அதிகம். 'மேக்பெத் விளைவு' என்று பெயரும் வைத்தார்கள். பிறகு பெரிய கூட்டத்தை வைத்துப் பார்த்தவர்கள் பலருக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. நீங்கள் தைரியமாகப் பென்சிலை எடுக்கலாம்.

கேள்வி: என் பையன் சிசேரியனில் பிறந்தவன். மேக்பெத்தைக் கொல்லத் தகுதி உண்டா?
*– பெருமைக்குரிய தந்தை, ஈரோடு*

உண்டு. இன்றைக்கு மேக்பெத் ஆண்டால், தகுதியுள்ளவர்கள் மகப்பேறு மருத்துவமனை வாசலில் வரிசை கட்டுவார்கள். அந்தக் காலத்தில் இறந்துபோன அல்லது சாகப்போகிற தாயிடம் மட்டுமே செய்த காரியம் அது. அதனால்தான், பெண்ணுக்குப் பிறந்த எவனாலும் உன்னைக் கொல்ல முடியாது என்று கேட்ட வாக்கில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

கேள்வி: படிக்கப் பொறுமை இல்லை. படமாகப் பார்க்க எது?
*– இளைஞர், கோவை*

மூன்று சொல்கிறேன். குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்' (1957): கடைசிக் காட்சியில் நடிகர் மிஃபுனே மீது நிஜ அம்புகளையே விட்டார்கள், அவர் முகத்தில் தெரியும் பயத்துக்குச் சம்பளம் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003): சூனியக்காரிகளுக்குப் பதில் ஜாதகக் கட்டம் போடும் இரண்டு போலீஸ்காரர்கள், ஓம் புரியும் நசிருதீன் ஷாவும். மலையாள 'ஜோஜி' (2021): மேக்பெத்தின் தூண்டுதலில் பிறந்த தோட்டக் குடும்பக் கதை. சாவு வீட்டில் அண்ணி, கொழுந்தனிடம் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வரச் சொல்லும் இடம் ஒன்று போதும். பொய் முகம் போட்டுக்கொள்ள லேடி மேக்பெத் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்தியதைக் கொரோனா காலத்தில் ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள்.

கேள்வி: இந்த நாடகத்தை ரசித்த அரசியல்வாதி யாராவது உண்டா?
*– வழக்கறிஞர், திருநெல்வேலி*

ஆபிரகாம் லிங்கன். மேக்பெத்துக்கு இணை எதுவும் இல்லை என்ற பொருளில் 1863-ல் ஒரு நடிகருக்கே கடிதம் எழுதினார். 1865 ஏப்ரலில் நீராவிக் கப்பலில் வாஷிங்டன் திரும்பும்போது கூட இருந்தவர்களுக்கு அதைப் படித்துக் காட்டினார். கொலைக்குப் பிறகு கொன்றவன் படும் பாட்டைச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, எவ்வளவு உண்மை என்று விளக்கிவிட்டு மறுபடியும் படித்தாராம். ஐந்தாம் நாள் நாடகக் கொட்டகையில் அவரைச் சுட்டவனும் ஒரு நடிகன்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீரே, மேக்பெத்தில் நடித்ததுண்டா?
*– குசும்பனின் நண்பர், காரைக்குடி*

உண்டு. கல்லூரி ஆண்டுவிழாவில், பர்னாம் காடாக. காடே நடந்து வருகிறது என்று எதிரி மிரள வேண்டும் என்பதால், கிளையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அடியெடுத்து வரவேண்டிய பத்துப் பேரில் நான் ஒருவன். விடுதிக்குப் பின்னால் இருந்த மாமரத்தில் அவசரத்தில் ஒடித்த கிளை. அதில் முசுறுக் கூடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. மேடை நடுவே காடு திடீரென்று துள்ள ஆரம்பித்தது. மேக்பெத் வேஷக்காரன் எல்லோருக்கும் முன்னால் பயந்து ஓடினான், அது ஒன்றுதான் அன்றைக்குக் கதைப்படி நடந்தது.