பொன்மொழி மாமா

கண்டி நகரத்தின் பெரிய மயானம் மஹய்யாவவில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை வீதியில் பஸ் போகிற மாதிரியே இறுதி ஊர்வலமும் போகும். இதைப் பார்த்துக்கொண்டே பிளேன்டீ குடித்து வளர்ந்தவனுக்கு நாற்பதிலேயே தத்துவம் ஊறிவிடும். அறுபதில் அது வெளியே கொட்டும். அப்படிக் கொட்டுகிறவர்தான் பொன்மொழி மாமா. தேத்தண்ணிக் கடைக்கு ஒருவராவது இருப்பார்.

1930 முதல் வந்துகொண்டிருக்கும் வீரகேசரியின் தலைப்புச் செய்தியை அவர் வாசித்து யாரும் பார்த்ததில்லை. நேரே மரண அறிவித்தல்தான். போனவர்களில் தன்னைவிட இளையவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு, தெம்பாக இன்னொரு வடை எடுப்பார்.

"அறுபது வரைக்கும் மனுசன் வயசக் குறைச்சுச் சொல்லுவான். எழுபதுக்கு மேல கூட்டிச் சொல்லுவான்" என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இரண்டையும் அவரே செய்து பார்த்திருக்கிறார். 2000ஆம் ஆண்டின் முதியோர் சட்டம் அறுபதிலிருந்தே முதியவர் என்கிறது. முதியோர் அடையாள அட்டையை பஸ்ஸில் சீட் கேட்கும்போது நீட்டுவார். கல்யாண வீட்டில் அது சட்டைப்பையை விட்டு வெளியே வராது.

"கல்யாண வீட்டுல யாரு வந்தாங்கன்னு பாப்பாங்க. எழவு வீட்டுல யாரு வரலைன்னு பாப்பாங்க." அதனால் எழவு எதையும் தவறவிட மாட்டார்.

காலையில் ஒரு பையன் வந்து தனிக்குடித்தனம் போகலாமா என்று கேட்டான். "தள்ளி இருந்தாத்தான் தம்பி பாசம் நிக்கும்" என்றார். மாலையில் அவனுடைய தாய் வந்து அழுதாள். "கூட இருக்கிற பிள்ளைதான் தங்கச்சி பிள்ளை" என்றார். இருவருக்கும் திருப்தி. இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மாமாவிடம் யாரும் புத்தி கேட்டு வருவதில்லை. எடுத்த முடிவுக்கு ஒரு பெரிய மனுசர் வாயால் முத்திரை வேண்டும், அவ்வளவுதான். முத்திரைக்குக் கட்டணம் ஒரு பிளேன்டீ.

சில சமயம் அசலாகவும் ஒன்று விழும். கட்டாரில் மகன் உள்ள ஒருவரிடம் சொன்னார்: "தூரத்துல இருக்கிற பிள்ளையால பெருமை, பக்கத்துல இருக்கிற பிள்ளையால உதவி. ரெண்டும் ஒரே பிள்ளைகிட்ட கிடைக்காது." கடை கொஞ்ச நேரம் பேசவில்லை. மாமாவுக்கே அது பிடிக்கவில்லை போல. உடனே சீனி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

காசு கேட்டால் மட்டும் தத்துவம் முறுக்கேறும். மரண உதவிச் சங்கத்துப் பையன் சந்தாப் புத்தகத்தோடு வந்தான்.

"என்னைக்கோ சாகப்போறவனுக்கு இன்னைக்கு என்னா தம்பி அவசரம்?"

"அவசரம் இல்ல மாமா. மூணு மாசம் நிலுவை இருந்தா பந்தலும் கதிரையும் குடுக்கிறதில்ல. உங்களுக்கு இந்த மாசத்தோட மூணு."

மாமா எல்லாவற்றையும் அங்கேயே எண்ணிக் கட்டினார். ரசீதில் திகதி சரியா என்று பார்த்தார். பிறகு பையனை நிறுத்தி, கதிரை எத்தனை தருவீர்கள், கை வைத்ததா வைக்காததா என்று விசாரிக்கத் தொடங்கினார்.