மரத்துக்கு ரயிலா, ரயிலுக்கு மரமா?

நியூஜெர்சியில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம் வருடத்துக்கு வருடம் குள்ளமாகிக்கொண்டே வருகிறது. மகள் சின்னவளாக இருந்தபோது கூரையை முட்டியது. இப்போது ஒரு ஸ்டூல்மேல் நிற்கிறது. ரயிலுக்கு இடம் வேண்டுமே.

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. கிண்டர்கார்டனில் எல்லார் வீட்டிலும் மரம் இருக்கிறது என்று மகள் மூக்கைச் சிந்தினாள், மரம் வந்தது. மரம் வந்தால் அதன் காலடியில் ரயில் ஓடியாக வேண்டும் என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். சொன்ன கையோடு, கராஜ் சேலில் போட்டிருந்த தன் பழைய லயனல் கம்பெனி பொம்மை ரயில் செட்டையும் காட்டினார். 1950களில் அவர் அப்பா வாங்கிக் கொடுத்ததாம். எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஹில்சைடு ஆலையில் செய்தது. இரும்புக் கனம் கனத்தது. சம்பிரதாயத்தைச் சொன்னாரா, வியாபாரம் செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

லயனல் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. ஜோஷுவா லயனல் கோவன் 1901இல் நியூயார்க்கில் ஒரு கடை ஜன்னலுக்காக மின்சாரத்தில் ஓடும் திறந்த வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். கடைச் சரக்கை அதில் ஏற்றி ஓடவிட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்பது கணக்கு. நின்றார்கள். உள்ளேயும் வந்தார்கள். வந்து, சரக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அந்த வண்டி என்ன விலை என்று கேட்டார்கள். உற்சவத்துக்கு வந்த கூட்டம் சாமியை விட்டுவிட்டுச் சப்பரத்துக்கு விலை பேசிய மாதிரி.

அப்புறம் கிறிஸ்துமஸும் லயனலும் ஒன்றையொன்று விடவில்லை. பெருமந்தத்தில் கம்பெனி கடனில் மூழ்கி ரிசீவர் கைக்குப் போன 1934இல், மிக்கி மவுஸும் மின்னியும் மாறி மாறிக் குனிந்து நிமிரும் தகரக் கைவண்டியை ஒரு டாலருக்கு விற்றார்கள். அடுத்த வருடம் சாண்டா கிளாஸையே கைவண்டி தள்ள வைத்தார்கள். முதுகு மூட்டையிலிருந்து மிக்கி எட்டிப் பார்க்கும். 1957இல் பெண் குழந்தைகளுக்கென்று ரோஸ் நிறத்தில் எஞ்சின் செய்தார்கள். கடையில் அது தூங்கியது. அன்றைக்குத் தூங்கிய அந்த ரோஸ் எஞ்சினுக்குத்தான் இன்று சேகரிப்பாளர்கள் முட்டி மோதுகிறார்கள். என் மகளுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. கேட்டபோது, ரயில் என்றால் கறுப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பெரியவரின் செட்டுக்கு மூன்று தண்டவாளம். மின்சாரம் நடுத் தண்டவாளத்தில் வரும். மரத்திலிருந்து ஒரு ஜிகினா இழை அதன் குறுக்கே விழுந்தால் போதும், பட்டென்று பொறி. டிரான்ஸ்பார்மர் முனகும். அறையெல்லாம் சூடான எண்ணெயும் ஓசோனும் கலந்த ஒரு வாசனை. அதற்காகவே நானும் மகளும் கன்னத்தைக் கம்பளத்தில் பதித்துப் படுத்துக்கொண்டு, எஞ்சின் எதிரே வரும் வரை காத்திருப்போம். பனிக்குப் பஞ்சு. ஸ்டேஷனுக்குச் செருப்புப் பெட்டி. கிறிஸ்துமஸ் ரயில் என்பதற்கு அடையாளம், ஒரு சரக்குப் பெட்டியில் அவள் ஒட்டிய சாண்டா ஸ்டிக்கர் மட்டும்தான்.

ஜனவரியில் மரம் போனாலும் ரயில் பரணுக்குப் போகவில்லை. புரட்டாசியில் கொலுப் பார்க்கைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. சாண்டா ஸ்டிக்கரோடு செட்டியார் பொம்மையையும் தெப்பக்குளத்தையும் தாண்டிப் போகும். வந்த மாமிகள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். செட்டோடு வந்த ஆரஞ்சும் நீலமுமான அட்டைப் பெட்டிகளை மகள் வெட்டி ஒட்டி, மண் பூசிப் பழநி மலை கட்டினாள். உச்சியில் முருகன் கச்சிதமாக உட்கார்ந்தார்.

2004இல் 'போலார் எக்ஸ்பிரஸ்' படம் வந்தது. கூடவே லயனலின் ரயில் செட்டும் வந்தது, எங்கள் வீட்டுக்கும் வந்தது. அந்த எஞ்சினுக்கு ஒரு பூர்வாசிரமம் உண்டு. பியர் மார்கெட் 1225 என்று பெயர். ஒஹாயோவில் லிமா தொழிற்சாலையில் 1941இல் பிறந்தது. போர்க்காலத்தில் சரக்கு இழுத்துத் தேய்ந்தது. பழைய இரும்புக்குப் போகவேண்டியது, தப்பி, மிஷிகன் அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் காட்சிப் பொருளாக நின்றது. அங்கே அதைச் சிறுவனாகப் பார்த்த கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1985இல், படத்துக்கு மூலமான குழந்தைப் புத்தகத்தை எழுதினார். எண்ணைப் பாருங்கள், 12, 25. டிசம்பர் இருபத்தைந்து. பிற்பாடு அதைப் பழுது பார்த்து ஓடவைத்தார்கள். இப்போது மிஷிகனில் ஒவாசோ ஊரிலிருந்து, டிசம்பரில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு 'வட துருவம்' போய்த் திரும்புகிறது.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். சங்கு ஊதினால் சைக்கிளில் ஏறும் வாழ்க்கை முடிந்து, பேத்தியைப் பார்த்துக்கொள்ள எங்களோடு இருந்தார். "ரிட்டயர் ஆனப்புறம் எல்லாருக்கும் குழந்தைங்களை வேடிக்கை காட்டுற வேலைதான்டா" என்றார்.

பொம்மை எஞ்சின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். புகைபோக்கியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் புகைந்ததை ஒத்துக்கொண்டார். அப்புறம் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார்.

"டேய், இங்க வா. ராடு சக்கரத்தைத் தள்ளலடா. சக்கரம் ராடை இழுத்துக்கிட்டுப் போகுது."

"மோட்டார் உள்ளே இருக்குப்பா."

"அப்ப வெளிய இருக்கிறதெல்லாம் ஒப்புக்கு ஆடுது." சற்று நேரம் கழித்து, "என்ன விலை?"

பாதியாக்கிச் சொன்னேன். அந்தப் பாதிக்கே தன் பென்ஷனை நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இன்றைக்கு என்ன இல்லை? தண்டவாளம் பிளாஸ்டிக் சரளையோடு வருகிறது. பீங்கான் வீடுகளுக்குள் விளக்கு எரிகிறது. வருடா வருடம் புதிதாகக் கிறிஸ்துமஸ் சரக்குப் பெட்டி வெளியாகிறது. சிலதில் பாட்டும் உண்டு. பெரியவரின் எஞ்சின் பக்கத்து ஊரில் பிறந்தது, இவை சீனாவிலிருந்து கப்பலேறி வந்து என் வரவேற்பறையில் வட்டமடிக்கின்றன. புளூடூத் வந்த பிறகு யாரும் குனிவதுகூட இல்லை. லீவுக்கு வரும் மகள் சோபாவில் சாய்ந்தபடி போனில் விரலை நகர்த்துகிறாள். விசில், மணி, நடத்துநர் குரல் எல்லாம் வரிசையாக வருகின்றன. "அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ட்ராக்ல கால் படுது" என்கிறாள். பெரும்பாலான பெட்டிகள் ஓடுவதே இல்லை. ஓடினால் சக்கரத்தில் தேய்மானம் தெரியும், மதிப்பு போய்விடும். அவை அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

சேகரிப்பாளர்களின் காசி பென்சில்வேனியாவில் இருக்கிறது. யார்க் நகரச் சந்தைத் திடலில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூடுவார்கள். நரைத்த தலைகள் மேஜை மேஜையாகக் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கும். அக்டோபர் கூட்டம் சில வருடங்களில் நவராத்திரியோடு மோதும். எங்கள் வீட்டில் அதற்குத் தனி வழக்கே நடந்திருக்கிறது. அங்கே போனபோதுதான் பெரியவரின் எஞ்சினுக்கு மூலப் பெட்டி இருந்தால் விலையே வேறு என்று தெரிந்தது. ஒரு மேஜையில் அதே ஆரஞ்சு நீலப் பெட்டி தனியாகக் கிடந்தது, மடிப்புகூடக் கலையாமல். பேரம் படியவில்லை. சொன்ன விலைக்கே வாங்கினேன்.

வீட்டில் மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்லையே?"

"எஞ்சின்தான் நம்மகிட்ட இருக்கே."

"அப்ப அதை இதுல வைக்கப் போறீங்களா?"

"சேச்சே. உள்ளே ஏதாவது வெச்சா ஓரம் தேய்ஞ்சிடும்."

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணாம் படி ஆடுது. முட்டுக் கொடுக்க அளவு சரியா இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருந்தாலும் பெட்டியை நான் உடனே மாடிக்கு எடுத்துப் போய்விட்டேன்.