மிதித்துக் கட்டும் வீடு

அடிமண், மணல், வைக்கோல், தண்ணீர் நான்கையும் காலால் மிதித்துக் குழைத்து, அச்சும் செங்கல்லும் இல்லாமல் அடுக்கி எழுப்பும் மண்சுவரை இங்கிலாந்தில் 'காப்' என்பார்கள். டெவன் பகுதியில் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் வீடு கட்டினார்கள். கடலோடி வால்டர் ராலே பிறந்த ஹேஸ் பார்ட்டன் பண்ணைவீடும் இந்த வகைதான், இன்றும் நிற்கிறது. 1989இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இயான்டோ எவன்ஸும் லிண்டா ஸ்மைலியும் சிறிய மண்குடில் ஒன்றைக் கட்டிப் பிறகு பயிற்சி வகுப்பும் தொடங்க, சுத்தியல் பிடித்தறியாதவர்களும் இந்த வேலையில் இறங்கினார்கள். தமிழ்நாட்டில் மண்சுவர் வைத்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை, மிதிப்பவரே பணம் கட்டி மிதிப்பதைத் தவிர.

புதியவரை இழுப்பது 'மண் இலவசம்' என்ற நம்பிக்கை. மண் இலவசம்தான். ஆனால் 60 செ.மீ. தடிமனும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கே இரண்டு டன்னைத் தாண்டும். நான்கு மீட்டர் சதுர அறைக்கு, கதவு ஜன்னலைக் கழித்தாலும், முப்பது டன் பக்கம் வரும். அத்தனையும் யாருடைய காலடியிலாவது கிடந்து வந்தாக வேண்டும். செலவு நோட்டில் அந்தக் கால்களைப் பற்று எழுதுவதில்லை என்பதால் வீடு மலிவாகத் தெரிகிறது.

முதலில் மண் பார்க்க வேண்டும். வேரும் மக்கும் கிடக்கும் மேல்மண்ணை ஒதுக்கி, அடிமண்ணைக் கண்ணாடிச் சீசாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பார்கள். மணல் உடனே படியும், வண்டல் மெதுவாக இறங்கும், களி தெளிய நாள்கணக்காகும். களி கூடினால் சுவர் வெடிக்கும், குறைந்தால் உதிரும். புதியவர் தோட்டத்தின் ஒவ்வொரு மூலையையும் சீசாவில் அடைத்து ஜன்னலோரம் அடுக்கிவிடுவதால் அந்த மாதம் ஜாமுக்குப் பாத்திரம் இருக்காது.

ஈரம் ஏறாமலிருக்கக் கடைக்காலைக் கல்லால் கட்டி, தரைக்கு மேல் அரை மீட்டர்வரை கொண்டுவர வேண்டும். மண் குழைக்க ஆசைப்பட்டு வந்தவர் கல் சுமப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு மிதிப்பு. பழைய டெவனில் மாடுகளை விட்டு மிதிக்கச் செய்தார்கள். இப்போது தார்ப்பாயில் களியையும் மணலையும் கொட்டி மனிதர்களே மிதிக்கிறார்கள். ஓரத்தை இழுத்துப் புரட்டி, வைக்கோலைத் தூவி, மறுபடி மிதிக்கிறார்கள். சுவர் வெடித்துப் பிளக்காமல் பிடித்து வைப்பது வைக்கோல். மாட்டுக்குக் கிடைக்காத வசதி ஒன்று மனிதருக்கு உண்டு: சாக்குச் சொல்லலாம். முதல் நாள் நண்பர்கள் பாட்டும் புகைப்படமுமாக வருவார்கள். மறுநாள் முழங்கால் வலிக்கும். அடுத்த வாரம் எல்லோருக்கும் ஊரில் அவசர வேலை. கடைசியில் கணவனும் மனைவியும் மட்டும் எதிரெதிரே நின்று, மணல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று வாதாடிக்கொண்டே மிதிப்பார்கள்.

சுவரை ஒரே மூச்சில் ஏற்ற முடியாது. ஒரு படை அரை மீட்டர் இருக்கலாம். அது இறுகுமுன் அடுத்ததை ஏற்றினால் அடி பிதுங்கும். டெவன் வானிலையில் ஒரு படை காய இரண்டு வாரமாவது வேண்டும். உறைபனிக்கு முன் கூரை ஏற வேண்டும் என்பதால் அனுபவசாலிகள் வசந்தத்திலேயே மண் எடுத்துவிடுவார்கள். புதியவர் வசந்தத்தில் படம் வரைவார். குளிர்காலம் வரும்போது அவரிடம் இருப்பது தார்ப்பாய் போர்த்திய குட்டிச்சுவர்.

பிதுங்கிய மண்ணைக் கூரான மண்வெட்டியால் செதுக்கித் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார்கள். ஒரிகன் பாணியில் சுவர்களை வளைத்தே கட்டுவார்கள். வளைந்த சுவர் நேர்ச்சுவரைவிட உறுதியாக நிற்கும் என்பது உண்மை. எல்லா வளைவும் அந்த நோக்கத்தோடு வந்ததல்ல என்பதும் உண்மை.

கூரையின் இறவாரம் அகலமாக நீள வேண்டும். பூச்சு சுண்ணாம்பிலோ மண்ணிலோதான். இருபதாம் நூற்றாண்டில் பலர் டெவனின் பழைய சுவர்களுக்குச் சிமெண்டு பூசினார்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி அடிச்சுவரை இளக்கியதில், தாத்தா காலத்திலிருந்து அசையாமல் நின்ற சில சுவர்கள் சரிந்தன.

குடிபுகும் நாளில் இன்னொரு சங்கதி தெரியவரும். கடையில் விற்கும் பீரோக்கள் எல்லாம் சதுரம், சுவரோ வளைவு. இடையில் விழும் சந்தில் துடைப்பம் வைக்கலாம். உட்கார வேண்டுமென்றால் சுவரோடு சேர்த்துத் திண்ணை கட்டுவதே முறை. அதற்கும் மண் மிதிக்க வேண்டும். நண்பர்கள் போனை எடுப்பதில்லை.